நம் வட்டாரச் செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்தவற்றைச் சங்க விதிப்படி சபைமுன் வைக்கிறேன். மே 12 அன்று செவிலியர் தினம் வழக்கம்போல் விளக்கேற்றி, உறுதிமொழி எடுத்துக் கொண்டாடப்பட்டது. தைப்பூசத்துக்குப் பழநி செல்லும் பாதயாத்திரை அன்பர்களுக்குக் குன்றக்குடியில் கால் கொப்புளங்களுக்குக் கட்டுப் போடும் முகாம் நடைபெற்றது. பணி ஓய்வு பெற்ற உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. செயற்குழு கூடாத மாதங்களும் உண்டு. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேராததே அதற்குக் காரணம்.

இந்த ஆண்டின் முதன்மையான பணி, நோயாளரின் கேஸ் ஷீட்டுடன் இணைத்து வைக்கும் ‘விருப்பத் தாள்’ ஒன்றைத் தயாரித்து அச்சிட்டதாகும். இதற்குச் சங்கப் பணத்தைச் செலவிட்டது ஏன் என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. ‘மருந்து கொடுக்கவே நேரம் போதவில்லை, இதில் சாமி கும்பிடுவதைப் பற்றியுமா விசாரிப்பது’ என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே சற்று விரிவாக விடையளிப்பது என் கடமையாகிறது.

அந்தத் தாள் ஒரே பக்கந்தான். நோயாளரை எப்படி அழைக்க வேண்டும், தம் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், முடிவெடுக்கும்போது யார் உடனிருக்க வேண்டும், என்ன விரதம் இருக்கிறார், உடம்பிலிருந்து எதைக் கழற்றக் கூடாது, நிலைமை மோசமானால் உறவினரைத் தவிர யாரை வரவழைக்க வேண்டும் என்பவையே அதிலுள்ள கேள்விகள். இவை என் கற்பனையில் உதித்தவை அல்ல. நோயாளரின் விழுமியங்களும் வழக்கங்களும் ஆன்மிக நம்பிக்கைகளும் மதிக்கப்படும் சூழலை உருவாக்குவது செவிலியரின் பொறுப்பு என்று உலகச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறையே கூறுகிறது. 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளரைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன்பின்னரே மருத்துவர் ஆனவர். உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் கலந்ததே முழு வலி என்றும், உடல் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவை ஆறாமல் நிற்கும் என்றும் அவர் விளக்கினார். இதெல்லாம் நாம் பரீட்சைக்காகப் படித்தவைதான். வார்டுக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

தாளினால் என்ன பயன் என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்து நிகழ்வுகளையே சொல்கிறேன். பக்கவாதத்தில் படுத்திருந்த ஓர் ஆச்சிக்கு வீட்டிற்குச் சென்று பணிவிடை செய்த நம் உறுப்பினர், அவர் சில நாள்களாக எதற்கும் ஒத்துழைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கவனித்துத் தாளை நிரப்பினார். பிள்ளையார் நோன்பு முடியும் நாள் நெருங்குகிறது, இழை எடுத்துக்கொள்ள முடியாமல் போகுமே என்பதுதான் ஆச்சியின் கவலை. 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்கும் அந்த வழக்கம், விழுங்குதிறன் குறைந்தவருக்கு மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடியது. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர் வேறு. கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நம் சகோதரியோ, வீட்டில் மூத்தவர்தானே மற்றவர்களுக்கு இழை எடுத்துக் கொடுப்பார் என்று குடும்பத்தாரிடம் கேட்டார். சிலிண்டரை மூடி அறையிலிருந்து அப்புறப்படுத்த மருத்துவர் அனுமதிக்காததால், விளக்கை முகப்பில் ஏற்றினார்கள்; இழைகளை ஆச்சியின் கைக்குக் கொண்டுவந்து தொட்டு ஆசீர்வதிக்கச் செய்து, பிறகு முகப்பில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஆச்சி உடற்பயிற்சிக்குக் கையைக் கொடுத்தார்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்த ராவுத்தர் ஐயா ஒருவர், சுத்தம் இல்லாமல் எப்படித் தொழுவது என்று குமைந்துகொண்டிருந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, நோயாளிக்குச் சலுகை உண்டென்றும், தண்ணீர் ஆகாதவர், தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணைக் கொண்டு தூய்மை செய்யும் தயம்மும் செய்துகொள்ளலாம் என்றும் தெளிவுபடுத்தினார். தொழுகை நேரத்துக்கு முன் பையைக் காலி செய்து, கட்டிலை மேற்கு நோக்கித் திருப்பிப் போடுவது மட்டுமே நம் வேலையாக இருந்தது. கத்தோலிக்க நோயாளர் விஷயத்திலும், நோயாளருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் ‘நோயில் பூசுதல்’ சடங்குக்குப் பங்குத்தந்தையை மூச்சு வாங்கும் நேரத்தில் அல்லாமல், நினைவு தெளிவாக இருக்கும்போதே அழைக்க இந்தத் தாள் உதவியது.

எல்லாவற்றிலும் கடினமானது, நோயை மறைப்பது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும் இருப்பது நம் பகுதியில் புதிதல்ல. ‘அம்மாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்’ என்று மகன் தொலைபேசியில் கெஞ்சுகிறார். அம்மாவோ, ‘எனக்குத் தெரியும், அவனிடம் சொல்லிவிடாதே’ என்கிறார். இருவரும் அழுவதற்கு நாம் ஒருவரே ஆள். சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது நம் அதிகாரத்தில் இல்லை. ஆனால் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளரிடமே கேட்டு எழுதி வைத்து, மருத்துவரின் பார்வைக்குக் கொண்டுபோவது நம் கையில்தான் இருக்கிறது.

பண்பாடு என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்பதும் என் கருத்தன்று. நம் உறுப்பினர் ஒருவருக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்த வீட்டை நான் மதிக்க வேண்டிய வழக்கத்தின் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வீட்டாரிடம் சங்கத்தின் சார்பில் பேசப்பட்டது.

இவற்றையெல்லாம் கற்பிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புகள் வைத்தோம். தேதி கேட்டவர்கள் பலர், வந்தவர்கள் சிலர். ட்யூட்டி இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விடுப்பிலிருந்தும் வராதவர்கள், வகுப்பு நடந்த அதே நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ‘தாள் பயனற்றது’ என்று எழுதியதைத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தாளை எதிர்த்துப் பேசியவர்களில் எத்தனை பேர் அதை ஒரு நோயாளருக்காவது நிரப்பிப் பார்த்தார்கள் என்பதைச் சபையே கேட்டறியலாம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு சந்தாவும் நன்கொடையும், செலவு அச்சும் முகாமும் தேநீரும் ஆகும். கையிருப்பு மிகுதியாக இல்லை என்றாலும் கடன் கிடையாது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கியே செலவைவிடப் பெரிய தொகையாக நிற்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் கோப்பில் இருக்கிறது.

முகாமுக்கு இடம் தந்தவர்களுக்கும், மருந்து வழங்கிய கடைக்காரர்களுக்கும், குறைந்த கூலிக்கு அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும், தணிக்கை செய்தவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குச் செல்லும் நம் உறுப்பினர்கள் அனைவர் கையிலும் தாள் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அச்சிட்டவை தீர்ந்துவிட்டன, மறுபடி அச்சிடக் கையிருப்பு போதாது, பாக்கி வந்தால் போதும். மீண்டும் செயலாளராக நிற்கும் எண்ணம் எனக்கில்லை. இப்பணியை ஏற்க முன்வருபவரிடம் கோப்புகளையும், நிரப்பிய தாள்களின் பூட்டிய பெட்டியையும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். எவரும் முன்வராவிட்டால் சபை இடும் கட்டளைக்குக் கட்டுப்படுகிறேன். அவ்வாறாயின் ஞாயிறு வகுப்புக்கு வருவதும் சந்தா செலுத்துவதும் உறுப்பினர் தகுதிக்கு நிபந்தனை என்று இன்றே தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்