கற்சிலைமடு நினைவுக்கல்லருகே படைப்பிரிவுகளின் வரலாற்றைச் சரியாகச் சொல்லும் விளக்கக் கல் நாட்டக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

ஊடாக: பிரதேச செயலாளர், ஒட்டுசுட்டான்.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

பிரித்தானியரை எதிர்த்த வன்னித் தலைவர் பண்டாரவன்னியனின் தோல்வியைக் குறிக்கும் கற்சிலைமடு நினைவுக்கல்லின் ஆங்கில வாசகம் ஒரே வரிதான். இவ்விடத்துக்கு அண்மையில் பண்டாரவன்னியன் கப்டன் வொன் டிறிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டார், 31 ஒக்டோபர் 1803 என்பது அதன் பொருள். ‘அண்மையில்’ என்ற சொல்லையும் ‘தோற்கடிக்கப்பட்டார்’ என்ற சொல்லையும் கவனிக்காமல், பண்டாரவன்னியன் உயிர்விட்ட இடமே இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். கல்லில் மரணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவை அவர் கைப்பற்றியதும், பிரித்தானியப் படை அதிகாரியான டிறிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியதும் அதில் இல்லை.

எதிரே நின்றது எந்தப் படை என்பதையும் கல் சொல்லவில்லை. ‘வெள்ளைக்காரப் பட்டாளம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் அன்று பிரித்தானியர் பக்கம் உள்நாட்டுப் படைப்பிரிவுகளும் இருந்தன. ஒல்லாந்தரிடம் ஊழியம் செய்த மலாய்ப் படையினரைப் பிரித்தானியர் 1796இல் கொழும்பைப் பிடித்த பிறகு தம்மிடம் சேர்த்துக்கொண்டனர். ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் அது முதலாவது இலங்கை றெஜிமென்ட் (படைப்பிரிவு) ஆயிற்று. இரண்டாவது, சிங்களவரைக் கொண்டு திரட்டப்பட்டது. ஆபிரிக்கரைக் கொண்ட அணியும் இருந்தது. இவற்றின் வழிவந்த படை 1827இல் இலங்கை றைபிள் றெஜிமென்ட் என்ற பெயரைப் பெற்று, 1873இல் கலைக்கப்பட்டது.

ஆகவே 1803 போரை எழுதும்போது ‘சிலோன் றைபிள்ஸ்’ என்று போட்டால் அது 24 ஆண்டு பிந்திய பெயர். அதைவிடப் பெரிய பிழை, 1881 ஏப்ரல் 1இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணியை இதன் தொடர்ச்சி என்று எழுதுவது. இடையில் எட்டு ஆண்டு வெறுமை இருக்கிறது. படைப்பிரிவின் வழித்தோன்றல் பெயர் ஒற்றுமையால் வருவதில்லை, கட்டளையால் வருவது. 1983இல் ரஜரட்ட றைபிள்ஸும் விஜயபாகு காலாட்படையும் இணைக்கப்பட்டு கஜபா றெஜிமென்ட் ஆனபோது அப்படியொரு கட்டளை இருந்தது. 1873இல் நடந்தது கலைப்பு மட்டுமே. வன்னியின் படையையும் ‘றெஜிமென்ட்’ என்று எழுதக் கூடாது. அது வன்னியர் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களின் கீழ் ஊர் ஊராகத் திரண்ட படை.

கற்சிலைமடுவில் நின்ற அணியின் பெயரை, எவரும் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து வெட்டாமல், மூல ஆவணம் பார்த்தே வெட்ட வேண்டும். இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்திலுள்ள ஆட்பெயர் இடாப்பு, சம்பளப் பட்டியல், ஆளுநரின் கடிதங்கள் ஆகியவற்றின் 1803ஆம் ஆண்டுப் பிரதிகளை, தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஊடாகத் தாங்கள் கேட்டெடுத்துத் தர வேண்டும். டிறிபேர்க் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டலில் வரும். ஒன்றை மட்டும் தேடினால் தவறிவிடும்.

விளக்கம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கருங்கல்லில் வெட்டப்பட வேண்டும். பிளெக்ஸ் பதாகை வன்னி வெயிலில் வெளிறிவிடும், தகரப் பலகை மாரியில் கறள் பிடிக்கும். எழுத்து ஒரு சென்றிமீற்றருக்குக் குறையாத உயரத்தோடு ஆழமாக வெட்டப்பட்டால் பெயின்ற் தேவையில்லை. பெயின்ற் உரிந்தால் பாதி எழுத்து போனதுபோல் தெரியும். பழைய கல்லிலிருந்து குறைந்தது எட்டு அடி தள்ளி நாட்டவும். பழைய கல்லின் அடியில் சீமெந்து பூசவே வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிக் கல்லைத் தின்னும். சுண்ணாம்பும் அடிக்க வேண்டாம். துப்புரவாக்கத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தேவைப்படும் அனுமதியை முதலில் பெற்றுக்கொண்டே குழி வெட்டப்பட வேண்டும்.

வாசகத்தை மூன்று மொழியிலும் எழுதி, வெட்டுவதற்கு முன் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில் இரண்டு வாரம் பார்வைக்கு வைக்குமாறும், மாரிக்கு முன், வரும் ஓகஸ்ட் 25க்குள் கல்லை நாட்டித் தருமாறும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கற்சிலைமடு, ஒட்டுசுட்டான் ஊரவர்கள்