பஞ்சு கரைகிற கதை

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, திட்டிக்கொண்டிருப்பாய். "பஞ்சு எங்கேடா கரையும்?" என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். வேட்டியை எத்தனை வருஷம் துவைத்தாலும் கிழியுமே தவிர கரையாது. பஞ்சு என்பது பெரும்பாலும் செல்லுலோஸ், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலிகள்; அவை ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அதெல்லாம் லேசான பிடிதான், ஆனால் ஒரு சங்கிலிக்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறதே.

நான் கரைப்பது உப்பில். அறை வெப்பநிலையிலேயே எண்ணெய் மாதிரி ஓடுகிற உப்பு, எத்தில் மெத்தில் இமிடசோலியம் அசிடேட்; இந்த மாதிரி உப்புகளை அயனித் திரவம் என்பார்கள். அதிலுள்ள அசிடேட் என்ற மின்னேற்றத் துகள், செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடிக்கும் கைகளான ஹைட்ராக்சில்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சங்கிலிகள் ஒவ்வொன்றாகப் பிரியும். சூடாக்கிக் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளைப் பஞ்சு மறைந்து தெளிந்த பாகு நிற்கும், முதல்முறை பார்த்தபோது நம்பவே முடியவில்லை. 2002இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ரோஜர்ஸ் குழு இதே வகையான ஒரு குளோரைடு உப்பில், மைக்ரோவேவில் சூடாக்கி, எடையில் 25 சதவீதம் வரை செல்லுலோஸைக் கரைத்துக் காட்டியது. 1934லேயே கிரெனாக்கர் என்பவர் இதுபோன்ற உப்பில் செல்லுலோஸைக் கரைப்பதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்!

அப்புறம் என் கூத்தைக் கேள். மழைக்காலம். வெள்ளிக்கிழமை உப்புப் பாட்டிலைச் சரியாக மூடாமல் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை போட்ட பஞ்சு சும்மா ஊறிக் கிடந்தது. இரண்டு நாள் பஞ்சைத்தான் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் அந்த உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. அசிடேட்டைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் செல்லுலோஸை யார் பிரிப்பது? ஆனால் கரைந்ததைத் திரும்ப எடுக்கவும் அதே தண்ணீர்தான் வேண்டும். பாகை ஊசியில் ஏற்றித் தண்ணீருக்குள் பிழிந்தால் இடியாப்பம் மாதிரி நூலாக விழுகிறது. மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் (ரேயான்) நூலுக்குப் போல கார்பன் டைசல்பைடு நாற்றமும் நஞ்சும் இல்லை.

பின்லாந்தில் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் வேறொரு அயனித் திரவத்தில் அயன்செல் என்ற இழை செய்கிறார்கள். 2018 சுதந்திர தின விருந்துக்கு அந்நாட்டு அதிபரின் மனைவி பிர்ச் மரத்திலிருந்து வந்த அந்த இழையில் நெய்த கவுனைத்தான் உடுத்தியிருந்தார். ஆனாலும் கடைக்கு வருவது சுலபமில்லை. திரவம் விலை அதிகம், ஏறக்குறைய முழுதையும் திரும்பப் பிடித்தால்தான் கட்டுப்படியாகும், அதற்கு அத்தனை தண்ணீரையும் ஆவியாக்க வேண்டும். கரைப்பதைவிட இதுதான் பெரிய தலைவலி என்பது என் எண்ணம்.

சரி, ஒரு உதவி. உங்கள் திருப்பூர் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்குமே, வெள்ளைத் துணியாக ஒரு கிலோ அனுப்பு. பாலியஸ்டர் கலந்திருந்தாலும் பரவாயில்லை, அது கரையாமல் நிற்கும், வடிகட்டிக்கொள்வேன். பையை மட்டும் இறுக்கிக் கட்டு.

அன்புடன்,
குமார்