மெயில் ஸ்டோரேஜுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கு

வணக்கம்.

பெரிய மெயில் சர்வருக்கான ஸ்டோரேஜ் முன்மொழிவு உங்கள் மேசைக்கு வரும்போது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது டெராபைட் கணக்குதான். எத்தனை பேர், தலைக்கு எத்தனை ஜிபி, ஒரு டெராபைட் என்ன விலை. யார் குறைவாகச் சொன்னாரோ அவருக்கு ஆர்டர். மெயிலைப் பொறுத்தவரை அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது 250 என்ற எண்ணை. அனுப்பும் சர்வர் கடிதத்தை முழுதாகக் கொடுத்து முடித்ததும் வாங்கும் சர்வர் 250 என்று பதில் சொல்கிறது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 (மெயில் பரிமாற்றத்துக்கான இணையத் தர ஆவணம்) விதிப்படி, அதைச் சொன்ன நொடியிலிருந்து கடிதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு. அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழித்துவிடும். அதன்பின் இங்கே தொலைந்தால் தொலைந்ததுதான், திரும்பக் கேட்க ஆள் இல்லை.

அதனால் ஒழுங்கான மெயில் சர்வர் கடிதத்தை க்யூவில் (பட்டுவாடாவுக்குக் காத்திருக்கும் வரிசை) எழுதி, எஃப்சிங்க் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளை) போட்டு டிஸ்குக்கு இறக்கிய பிறகே 250 சொல்லும். அடுத்து பயனரின் பெட்டி. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் மெயில் சர்வர் மென்பொருளான க்யூமெயிலுக்காக வகுத்த மெயில்டிர் முறை என்றால், கடிதம் முதலில் 'டிஎம்பி' ஃபோல்டரில் தனி ஃபைலாக எழுதப்படும், மறுபடி எஃப்சிங்க், பிறகுதான் 'நியூ' ஃபோல்டருக்கு நகரும். பாதி எழுதிய கடிதம் யார் கண்ணிலும் படாது. டிஸ்கில் ஒரு முறை எழுதுவதை ஓர் எழுத்து என்று சொன்னால், இதற்கு மேல் இண்டெக்ஸ் (பெட்டியில் உள்ளவற்றின் பட்டியல்) எழுத்து, ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) எழுத்து, க்யூவிலிருந்து அழிப்பதற்கு ஓர் எழுத்து. ஒரே ஒரு சின்னக் கடிதத்துக்கு இத்தனை.

இந்த ஏற்பாடு முழுவதும் டிஸ்க் உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மின்சாரம் போனால் காக்கும் வசதி இல்லாத கேச் (டிஸ்கில் எழுதும் முன் தகவல் தங்கும் வேக நினைவகம்), தகவலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடக்கூடும். டிஸ்குகளை இயக்கும் கன்ட்ரோலரின் கேசுக்கு பேட்டரியோ ஃபிளாஷ் பாதுகாப்போ உண்டா, எஸ்எஸ்டியில் மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க உதவும் மின்தேக்கி உண்டா என்று கேளுங்கள். விலை குறைத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் இங்கேதான் குறைக்கிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம். உச்ச நேரத்தில் விநாடிக்கு 200 கடிதம், கடிதத்துக்கு 10 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 2,000 எழுத்து. ரெய்டு என்பது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை. ரெய்டு 5இல் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய தரவையும் பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் அதன் தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஆக எழுத்துக்கு நான்கு டிஸ்க் வேலை, விநாடிக்கு 8,000. எதையும் இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு 10இல் 4,000. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க் ஒன்று சிதறிய எழுத்துகளில் விநாடிக்கு ஏறக்குறைய 100 வேலைதான் செய்யும். கேச் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ஆனால் மணிக்கணக்கில் அல்ல. 16 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு அடுக்கினால் இடம் வேண்டியதற்கு மேலேயே இருக்கும், மூச்சுதான் இருக்காது: பன்னிரண்டும் சேர்ந்து விநாடிக்கு 1,200 வேலைதான். தவிர, அதில் ஒன்று செத்தால் புது டிஸ்கை நிரப்ப, விநாடிக்கு 200 எம்பி வேகம் குறையாமல் கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வேகம் கிடைக்காது. ரெய்டு 5 என்றால் அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையையும் பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் அது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்றால் ஐநோடு தீர்ந்து, பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று சர்வர் கை விரிக்கலாம்.

"இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறது, பேக்கப் எதற்கு?" என்பார்கள். 2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தும், ஸ்டோரேஜ் மென்பொருளில் வந்த பிழை பல பிரதிகளை ஒருசேரத் தாக்கியது. கூகுள் அந்த மெயில்களை மீட்டது டேப்பிலிருந்து (காந்த நாடா). அந்த அளவு நிறுவனத்துக்கே டேப் தேவைப்பட்டிருக்கிறது. பிரதி என்பது டிஸ்க் சாவதற்குத்தான் மருந்து. தவறான அழிப்பையும் மென்பொருள் பிழையையும் அது அப்படியே மறுபக்கத்துக்கும் கொண்டு சேர்க்கும். ஆகவே பேக்கப் தனி மென்பொருளில், தனி ஊடகத்தில் இருக்கட்டும்.

ஒப்புதலுக்கு முன் விற்பவரிடம் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, நீங்கள் சொல்லும் ஒரு பயனரின் பெட்டியை, நீங்கள் சொல்லும் ஒரு தேதிக்கு, உங்கள் கண் முன்னே மீட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று, வேறொரு கணினியிலிருந்து மெயில்களைக் கொட்டிக்கொண்டே, 250 வாங்கிய ஒவ்வொன்றையும் அங்கே குறித்துவர வேண்டும். நடுவில் ஸ்டோரேஜின் மின்கம்பியை, முன்னறிவிப்பில்லாமல், உங்களில் ஒருவர் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றியதும் பட்டியலையும் பெட்டிகளையும் ஒப்பிடுங்கள். ஒரு கடிதம் குறைந்தாலும் முன்மொழிவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் நிர்வாகி ஒருவர்