பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பாஸ் கிட்டாரைப் பார்த்துச் செய்த உன் மலிவுப் பிரதியின் படங்கள் வந்தன. குமிழ்கள் உள்ள கன்ட்ரோல் பிளேட்டைக் கழற்றி, வயரெல்லாம் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பற்று நன்றாகவே வைத்திருக்கிறாய். அம்மாவிடமும் காட்டினேன். டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் என்கிற பாகத்தின் முதுகில் கிரவுண்டு வயர் வைத்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கிறது. அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று. பாட்டின் முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சின்ன அயர்ன் அங்கே போதாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பெரிய முனையால் சட்டென்று வைத்து எடு. ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும்.

படம் வந்தது செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு. அதற்கு முந்தையதும் வேலை நாளில்தான் வந்த ஞாபகம். லீவு போட்டிருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சரி, இரைச்சல் விஷயத்துக்கு வருகிறேன். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மட்டம், மாற்றியே ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. ஜாஸ் பாஸின் இரண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். வழக்கமாக ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் எட்டிப் பார்க்கும். அசலிலும் இப்படித்தான். அதனால் முதலில் இரண்டையும் முழுசாகத் திறந்து பார். அடங்கினால் பிக்கப் மேல் குற்றமில்லை. அப்புறம் தந்தியைத் தொட்டுப் பார். தொட்டதும் குறைந்தால் கிரவுண்டு சரியாக இருக்கிறது, உள்குழியில் செப்பு டேப் ஒட்டினாலே பாதி சரியாகிவிடும். தொட்டதும் கூடினால் வயரிங்கில் எங்கோ கோளாறு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகிற கிரவுண்டு வயரையும் பார்த்துவிடு.

டேப்புக்கும் நல்ல பாட் வாங்குவதற்கும் ஆகிற செலவு பெரிதில்லை. 250 கே பாட், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். மலிவுப் பிரதிகளில் சின்ன பாட் போட்டிருப்பார்கள், பிளேட்டில் ஓட்டையும் சின்னதாக இருக்கும். முழு அளவு பாட் வாங்கினால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டிவரும். அரம் இருக்கிறதா? இங்கே இரண்டு சும்மாதான் கிடக்கின்றன.

இன்னொன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். எத்தனை படம் அனுப்பினாலும் கிட்டாரின் தலைப்பக்கம் மட்டும் வருவதே இல்லை. வேறு கம்பெனி பேர் இருக்கிறது என்றா? அந்த உடல் வடிவத்தை எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஃபெண்டர் தன் இன்னொரு பாஸான பிரிசிஷன் பாஸின் உடல் வடிவத்தைத் தனக்கே பதிவு செய்யக் கேட்டபோது, 2009-ல் அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் முடியாது என்று சொல்லிவிட்டது. தலையின் வடிவம் மட்டும்தான் அவர்களுடையது. அதனால்தான் பிரதிகளின் தலை வேறு மாதிரி இருக்கிறது. மலிவாக விற்க அவர்களே 1982-லிருந்து ஸ்குவையர் என்று தனிப்பெயர் வைத்து விற்கிறார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என்னிடமாவது முழுசாகக் காட்டலாம்.

அசல் என்ன ஒரே நாளில் முடிந்துபோன பொருளா? 1960-ல் ஜாஸ் பாஸ் வந்தபோது வால்யூமும் டோனும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள். மூன்று தனிக் குமிழ் பிறகு வந்ததுதான். செய்தவர்களே திருத்தித் திருத்தித்தான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் கூப்பிட்டால் எடுப்பதில்லையாம். என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். பிஸியாக இருப்பாள் என்றேன். அவனுக்கும் வேறு வேலை இல்லை, விடு. ஆனால் அம்மா கூப்பிட்டால் எடுத்துப் பேசு. அத்தை விஷயத்துக்கு அப்புறம் அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள்.

பிக்கப், பிரிட்ஜ், டியூனர் என்று நீ போட்டிருக்கும் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் மாற்றி முடிக்கும்போது கிட்டாருக்குக் கொடுத்ததைவிட அதிகமாகிவிடும். கேட்கிற சுகம் உன்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரதியில் போட்ட காசு திரும்ப வராது. பின்னால் விற்கவேண்டி வந்தால் வாங்குகிறவன் தலையில் உள்ள பேரைப் பார்த்துத்தான் விலை சொல்வான், உள்ளே என்ன போட்டாய் என்று பார்க்கமாட்டான். அதனால் கழற்றுகிற எதையும் தூக்கிப் போடாதே. பழையதைத் திரும்ப மாட்டிக் கிட்டாரைத் தனியாகவும் புதுப் பாகங்களைத் தனியாகவும் விற்றால் கொஞ்சமாவது தேறும். விற்கிற நிலைமை வரும் என்று சொல்லவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

முதலில் தந்தி, அப்புறம் செட்டப், அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்வது. அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகளில் முதலாவதிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் தந்தியை அழுத்திப் பிடித்து நடுவில் இடைவெளியைப் பார். 7-வது, 8-வது கட்டைக்கு மேலே சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே, திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் விடு. மரம் உடனே சொல்லாது. கட்டைகளின் கூர் முனைகளை நீயே அரவி மழுக்கினாய் என்றாயே, அதை இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். என் பெண் இரும்பும் அரவுவாள் என்று.

அமெரிக்க பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். ஒற்றை விரலால் வாசித்தே மோடவுன் இசைக் கம்பெனியின் பாட்டுகளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கையில் இருந்தது 1962-ல் செய்த அசல் பிரிசிஷன் என்று நீ திருப்பிச் சொல்வாய். சொல், சண்டை போடவாவது பேசுவாய்.

பிக்கப் வாங்குவதாகவே முடிவு செய்துவிட்டால் முதலில் அளவு எடு. அசலில் வழக்கமாகப் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் கழுத்துப் பக்கத்தைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். மலிவுப் பிரதிகள் சிலவற்றில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் ஜோடியாக வாங்கினால் ஒன்று குழியில் இறங்காது, மரத்தைக் குடையவேண்டி வரும். பழையதைத் தூக்கிப் போடாதே என்று இன்னொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்கேலை வைத்து இரண்டையும் அளந்து, அளவை எழுதி அனுப்பாமல் கூப்பிட்டே சொல்லு. பகலிலேயே கூப்பிடு, நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த நேரத்தில் அம்மா தூங்குவாள். ஏன் இந்நேரத்தில் என்று நானும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லிவிடு.

அப்பா