முதலில் திம்பாங்கில் ஏற்று

பிறை, பினாங்கு
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வாங்கிய மோட்டார்ஹோம், அதான் படுக்கை சமையலோடு வீடு மாதிரி இருக்கிற வண்டி, அதன் படங்கள் எல்லாம் பார்த்துவிட்டேன். பாப்பா மேல் கட்டிலிலிருந்து தலையை நீட்டிச் சிரிக்கிற படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் காட்டியாயிற்று. ஆகஸ்டில் நான் வந்ததும் எல்லோருமாக ஸ்காட்லாந்து போகலாம் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் குறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஆனால் "எடையெல்லாம் யாரும் நிறுத்திப் பார்க்க மாட்டாங்கம்மா" என்று போனில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினாய் பார், அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக முழுசும் படிப்பா.

உன் அம்மா 33 வருடம் ஒரு தொழிற்சாலை வாசலில், லாரிகளை எடை போடும் திம்பாங் அறையில் உட்கார்ந்தவள். 1982-ல் சேர்ந்தபோது மின்சார எண் காட்டும் பெட்டியெல்லாம் கிடையாது. நீளமான பித்தளைக் கம்பியில் எடைக்குண்டை விரலால் நகர்த்தி, முள் நடுவில் வந்து நிற்கிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். லாரி வெறுமையாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு போகும்போது ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சீட்டில் ஏறும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் 130 கிலோ கணக்கு இடித்தது. தேடித் தேடிப் பார்த்தால், வெறும் லாரியை எடை போட்டபோது டிரைவரும் உதவியாள் கெலிண்டானும் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். சரக்கோடு எடை போட்டபோது இருவரும் இறங்கித் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து லாரி மேடையில் ஏறியதும் முதலில் கேபினுக்குள் எத்தனை தலை என்று எண்ணுவேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1996. நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஈப்போவுக்குப் போகிற ஒரு லாரி, இரண்டு ஆக்சல் (சக்கர அச்சு). அனுமதி 16,000 கிலோ. என் முன்னால் காட்டியது 18,420. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், சீட்டை எழுது" என்றார். எழுதினேன். என் கையெழுத்து, என் கையொப்பம். அந்த லாரி புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் பின் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. டிரைவர் பாகான் டாலாம் அண்ணன் ஒருவர். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்துக் கோயிலில் என்னைப் பார்த்து "நல்லா இருக்கியாம்மா?" என்று கும்பிட்டார். வலது கை விரல்கள் நேராக நின்றன. இடது கை விரல்கள் மடங்கியே இருந்தன, நிமிரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் கூடுதல் எடைக்கு நான் சீட்டு எழுதவில்லை. அதனால் சம்பள உயர்வு இரண்டு வருடம் நின்றது. அது உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

யாராவது நிறுத்துவார்களா என்பது என் கவலை இல்லை. நிறுத்தினால் நல்லதென்றுதான் நினைப்பேன். அங்கே பிரிட்டனில் 100 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் போடுவார்கள், கூடுதல் சாமானை இறக்கும்வரை வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். ரொம்பவும் மிஞ்சினால் கோர்ட். போகட்டும், பணம்தானே. எனக்கு அந்தப் பின் டயர்தான் கண்முன் நிற்கிறது.

ஒரு வாரமாக நீ அனுப்பிய கையேட்டையும் அந்த நாட்டு விதிகளையும் படித்தேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். இங்கே உன் டி கார் லைசென்சிலும் 3,500 கிலோதான், அங்கே பி கார் லைசென்சிலும் 3,500 கிலோதான். எண் ஒன்று, அர்த்தம் வேறு. நம் ஊரில் அது வெறும் வண்டியின் எடை. லாரிக் கதவில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருப்பார்களே, பெராட் தன்பா முவாத்தான், அது. அங்கே சொல்வது சாமான், ஆள், தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகு வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை. 1997 ஜனவரி 1-க்கு முன்னால் அங்கே கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 7,500 கிலோ வரை ஓட்ட உரிமை உண்டு. உனக்கு அது இல்லை. நண்பர் ஒருவர் "காகிதத்தில் எடையை ஏற்றிக்கொள்ளலாம்" என்றாராமே. ஏற்றலாம். ஏற்றிய மறுநாள் உன் லைசென்சில் அந்த வண்டியை ஓட்ட முடியாது, அதைவிடக் கனமான வண்டிக்கான சி1 பரீட்சை எழுத வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கையேட்டில் ஓடத் தயாரான எடை 2,985 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 3,500-க்கு 515 கிலோ மிச்சம் என்று மருமகளிடம் நீ சொன்னாயாம். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தாயா? அந்த 2,985-க்குள் டிரைவர் ஒருவர்தான், அதுவும் 75 கிலோ. டீசல் தொட்டி 90 விழுக்காடு. தண்ணீர் 20 லிட்டர் மட்டும். மற்ற எவரும் கணக்கில் இல்லை. பழைய சொந்தக்காரர் போட்ட வெயில் மறைப்பு, கூரை மேல் சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி, பின்னால் சைக்கிள் மாட்டும் கம்பி எதுவும் கணக்கில் இல்லை. எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று அவர் கொடுத்த பட்டியலில் இருக்கிறது. மிச்சம் 405.

மருமகள் 62. பாப்பாவும் அவள் இருக்கையும் 28. நான் 61, நேற்று மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். நீ 88 என்று உன் மனைவி சொன்னாள், ஆக உன் பங்கில் கூடுதலாக 13. போனது 164, நிற்பது 241. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், நிரப்பினால் இன்னும் 80 கிலோ. நிற்பது 161. மூன்று சைக்கிள் 40. மேசை நாற்காலி 20. ஆளுக்கு 15 கிலோ துணிமணி, நான்கு பேருக்கு 60. அரிசி, மளிகை, சட்டி பானை 40. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாளில் ஒரே ஒரு கிலோ மிச்சம்.

அந்த ஒரு கிலோவை நம்பி வண்டியை எடுக்காதே. கையேட்டு எடை அச்சு அசலாக உன் வண்டியின் எடை இல்லை. தயாரிப்பாளருக்கு ஐந்து விழுக்காடு முன்பின் இருக்க அனுமதி உண்டு. 2,985-க்கு ஐந்து விழுக்காடு 149 கிலோ. என்னைப்போல் இரண்டு பேருக்கும் மேல். என் வேலையில் காகிதத்தில் இருந்த வெறும் எடையும் மேடையில் காட்டிய வெறும் எடையும் ஒத்துப்போன லாரியை நான் பார்த்ததே அபூர்வம். மழை நாளில் தார்ப்பாய் குடித்த தண்ணீரே கணக்கைப் புரட்டிவிடும்.

அடுத்தது பின் ஆக்சல். இதைத்தான் நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். நீ அனுப்பிய தகட்டுப் படத்தில் நான்கு எண்கள் இருந்தன. முதலாவது வண்டிக்கு. இரண்டாவது, பின்னால் டிரெய்லர் இழுத்தால் இரண்டுக்கும் சேர்த்து. மூன்றாவது முன் ஆக்சலுக்கு 1,850, நான்காவது பின் ஆக்சலுக்கு 2,000. முன்னும் பின்னும் கூட்டினால் 3,850 வருகிறதே என்று நினைத்துவிடாதே. மொத்தம் 3,500-ஐத் தாண்டக்கூடாது, அதற்குள் எந்த ஆக்சலும் தன் எண்ணைத் தாண்டக்கூடாது. மொத்தம் சரியாக இருந்து பின் ஆக்சல் மட்டும் மிஞ்சுவது உன் மாதிரி வண்டியில் சாதாரணமாக நடக்கும்.

தண்ணீர்மலைக்கு நீ முதல்முறை காவடி எடுத்தது நினைவிருக்கிறதா? பின்பக்கம் கொஞ்சம் கனமாகிவிட்டது. அடி வைக்கிறபோதெல்லாம் உன் மார்பு நிமிர்ந்து நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாய். மாமா ஓடிவந்து பின் கம்பியிலிருந்த மணிகளை அவிழ்த்து முன்னால் கட்டினார். கட்டிய பிறகுதான் உன் கால் தரையில் பதிந்தது. உன் வண்டியும் அப்படித்தான். சைக்கிள் தொங்குகிற இடம் பின் சக்கரத்திலிருந்து இரண்டு மீட்டர் வெளியே. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே நான்கு மீட்டர். அங்கே 40 கிலோ தொங்கவிட்டால் பின் ஆக்சலில் 60 ஏறும், முன் ஆக்சலில் 20 குறையும். உன் வண்டிக்கு இழுவை முன் சக்கரத்தில். மழையில் நனைந்த புல்தரையில் முன் சக்கரம் லேசாகிவிட்டால் சுற்றுமே தவிர இழுக்காது. ஸ்டியரிங்கும் நீ சொன்னபடி கேட்காது.

டயரின் பக்கவாட்டில் 109 என்று இருக்கிறதா பார். அது ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும் என்பதற்கு அடையாளம். இரண்டுக்கும் சேர்த்து 2,060. பின் ஆக்சல் அனுமதிக்கும் டயரின் தாங்குசக்திக்கும் இடையே 60 கிலோதான் இருக்கிறது. அதுவும் காற்று சரியாக இருந்தால், டயர் பழையதாகாமல் இருந்தால். டயரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும். பழைய சொந்தக்காரர் வண்டியை ரொம்ப நாள் நிறுத்தியே வைத்திருந்தார் என்றாய். நிறுத்தி வைத்த டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஏமாந்துவிடாதே.

என்ன குறைக்கலாம் என்று நானே யோசித்தேன். தண்ணீர்தான் முதலில். 20 லிட்டரோடு கிளம்பு, இரவு தங்குகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். கழுவிய தண்ணீர் சேரும் தொட்டியைக் கிளம்புமுன் அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய். அதை வைத்துக்கொண்டு புதுத் தண்ணீரும் பிடித்தால் ஒரே தண்ணீரை இரண்டு தடவை சுமக்கிற மாதிரி. கேஸ் சிலிண்டர் ஒன்று போதும். நம் வீட்டு தோங் கேஸை 14 கிலோ என்கிறோம், அது உள்ளே இருக்கிற கேஸ் மட்டும், இரும்பு தனி. தகர டின்கள், அரிசி எல்லாம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, தரையோடு. மேல் அலமாரியில் துணியும் பாப்பாவின் பொம்மையும் போதும். பெரிய சைக்கிள் இரண்டும் வேண்டாம். பாப்பாவுடையது மட்டும் உள்ளே வரட்டும். அவள் ஓட்டுவாள், நாம் பின்னால் நடப்போம்.

மருமகள் கேட்ட அம்மிக்கல்லை நான் கொண்டுவரத்தான் போகிறேன், வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது லீட்ஸ் வீட்டோடு நிற்கும், வண்டியில் ஏறாது. பயணத்துக்கு வேண்டிய மசாலாவை முந்தின நாளே அரைத்துச் சின்ன டப்பாவில் வைத்துவிடுகிறேன். என் பை 8 கிலோவுக்கு மேல் போகாது. கணக்கில் எனக்கு 15 போட்டிருக்கிறேன், மீதி 7 பாப்பாவுக்கு.

நான் வருவதற்கு முன்பே ஒரு நாள் வண்டியைத் திம்பாங்குக்குக் கொண்டுபோ. பொதுமக்கள் போகக்கூடிய எடைமேடை எங்கே இருக்கிறது என்று உன் ஊர் கவுன்சிலில் கேட்டால் சொல்வார்கள். கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். வெறும் வண்டியோடு போகாதே. டீசல் நிரப்பி, பயணத்துக்குக் கட்டிய எல்லாச் சாமானோடும் போ. முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் மட்டும். மூன்று எடையும் எழுதி வாங்கு. மேடையும் முன்பின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பார்த்துக்கொள், சரிவாக இருந்தால் எடை ஒரு பக்கம் ஓடிவிடும். நீங்கள் மூவரும் வண்டிக்குள்ளேயே உட்காருங்கள், யாரும் தேநீர் குடிக்க இறங்க வேண்டாம். என் இருக்கையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்றை வைத்து பெல்ட்டால் கட்டு. கேனின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்தான்.

சீட்டைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்
அம்மா