குவைத்தில் எந்த ஜனநாயகத்தைக் காப்பாற்றினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வளைகுடாப் போர் கட்டுரையில், ‘ஒரு சின்ன நாட்டின் ஜனநாயகத்தைக் காப்பாற்ற அமெரிக்கா ஐந்து லட்சம் வீரர்களை அனுப்பியது’ என்று ஒரு வரி. ஐந்து லட்சம் சரி. ஜனநாயகம் எங்கே இருந்தது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள். அப்போது குவைத்தின் ஷுவைக் பகுதியில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவன் நான். குவைத் அமீர் 1986-லேயே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார், 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாமின் படை நுழைந்தபோதும் அது மறுபடி கூடியிருக்கவில்லை. அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 2005-ல்தான்.

சதாமுக்காகப் பேச வரவில்லை. அவருடைய சிப்பாய்கள் எங்கள் கடையைச் சூறையாடியதைக் கண்ணால் பார்த்தேன். பல மடங்கு மதிப்புள்ள குவைத் தினாரும் இராக் தினாரும் ஒரே மதிப்பு என்று அறிவித்தார்கள், ஊரில் வீடு கட்டச் சேர்த்த பணம் அதோடு போனது. சஃப்வான், பாஸ்ரா, பாக்தாத் என்று பஸ்ஸில் போய், ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்தோம். அப்படி வந்த இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். உங்கள் கட்டுரையில் எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வளைகுடாவில் உழைக்கிறவன் உங்கள் பக்கங்களில் வருவது விமான நிலையத்தில் யாராவது தங்கத்தோடு பிடிபட்டால் மட்டும்தான், இதையும் நான் முன்பே எழுதினேன், நீங்கள் போடவில்லை.

சரி, போர் எதற்கு என்று அமெரிக்காவே மறைக்கவில்லையே. வளைகுடா தங்கள் உயிர்நாடி, அதைப் பிடிக்க வெளியார் யார் வந்தாலும் படை கொண்டு தடுப்போம் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1980 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். 1991 ஜனவரி 15 அன்று அதிபர் புஷ் (மூத்தவர்) கையெழுத்திட்ட போர் உத்தரவின் முதல் வாக்கியமே, வளைகுடா எண்ணெய் கிடைப்பதும் அங்குள்ள முக்கிய நட்பு நாடுகளின் பாதுகாப்பும் அமெரிக்கப் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்பதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களே எழுதி வைத்ததை விட்டுவிட்டு, அவர்கள் பேரில் நீங்கள் ஏன் வேறு காரணம் சொல்கிறீர்கள்?

மனித உரிமைதான் காரணம் என்றால் 1988 மார்ச்சில் வட இராக்கின் ஹலப்ஜாவில் சதாம் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றபோதே கோபம் வந்திருக்க வேண்டும். அப்போது ஈரானை அடக்க அவர் வேண்டியிருந்தார். அதற்காகத்தான் 1982-ல் இராக்கைப் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 1983 டிசம்பரில் அமெரிக்க அதிபரின் தூதராக ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாத்துக்கே போய்க் கைகுலுக்கினார், ஹலப்ஜாவுக்குப் பிறகும் அமெரிக்க தானியம் வாங்க இராக்குக்குக் கடன் உத்தரவாதம் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஈரானில்தான் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய மொசாதேக்கை 1953-ல் கவிழ்த்தார்கள். அவர் நாடாளுமன்றத்தின் ஆதரவோடு வந்த பிரதமர். ஜனநாயகத்தின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் அங்கே காட்டியிருக்கலாம்.

அப்புறம் 1991-ன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சதாமைத் தூக்கி எறியுங்கள் என்று இராக் மக்களை பிப்ரவரியில் அழைத்தவர் இதே புஷ். மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில் ஹெலிகாப்டர் பறக்க இராக் தளபதிகள் அனுமதி வாங்கியிருந்தார்கள், அதே ஹெலிகாப்டர்களிலிருந்து அந்த மக்களைச் சுட்டார்கள், அமெரிக்கப் படை பக்கத்திலேயே நின்றது. சதாம் விழுந்தால் ஈரான் கை ஓங்கிவிடும் என்ற கணக்கு. நாங்கள் பாஸ்ராவைக் கடந்தபோது பஸ் ஜன்னல் வழியாகக் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். அவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்களோ என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் கேட்பது கொஞ்சம்தான். அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த இதழில் போடுங்கள், 1991 மார்ச் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். கடிதத்தை வெட்டித்தான் போட வேண்டும் என்றால் என் கதையை வெட்டுங்கள், பாஸ்ராவைப் பற்றியதை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
கூத்தாநல்லூர்