வாடகைக்கு வீடு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுக்காரர்களே,

நானும் உங்களில் ஒருவன்தான். இரண்டு சிறிய வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு மாத வாடகை தள்ளிப்போனால் எனக்கும் கடன் தவணை இடிக்கும். அதனால் உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. ஒரு தப்பைச் சொல்லிவிட்டு, வீடில்லாத இளைஞர்களுக்காக ஒரு கோரிக்கையையும் வைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் 19 வயதுப் பெண் ஒருத்தி வீடு கேட்டு வந்தாள். கடையில் வேலை, வாடகை கட்டும் அளவுக்குச் சம்பளம். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்? அப்பா என்ன செய்கிறார்? ஜாமீன் கையெழுத்து யார் போடுவார்கள்? எதற்கும் அவளிடம் பதில் இல்லை. காப்பகத்தில் வளர்ந்தவள், 18 முடிந்ததும் வெளியே வந்திருக்கிறாள். அதன் பிறகு தோழிகளின் வீட்டு ஹாலில் இங்கே நான்கு நாள், அங்கே ஒரு வாரம். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

நாம் கேட்கும் கேள்விகள் ஆளைப் பற்றியவை போலத் தோன்றும். உண்மையில் கேட்பதெல்லாம் அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றித்தான். பின்னால் யாருமே இல்லாத ஒருவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இந்தப் பரீட்சையில் தேற முடியாது.

வீடில்லாதவர் என்றதும் நடைபாதையில் படுத்திருக்கும் ஒரு முதியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். இளைஞர்கள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விடுவார்கள். ராத்திரி எங்கே என்பதுதான் தெரியாது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாபின் ஹால் ஆய்வு மையம் 2017-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களில் பத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் வீடில்லாமல் இருந்திருக்கிறார். தெருவில் படுத்தவர்களோடு, போக்கிடம் இல்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பொதுவாக 18 வயது வரை ஒருவரைக் குழந்தை என்கிறது. சட்டத்துக்கு எங்காவது ஒரு கோடு வேண்டும், சரி. ஆனால் நம் பிள்ளைகள் 18-இல் வெளியே போவது ஒரு ஒத்திகைதான். வேலை போனால், நோய் வந்தால், திரும்பி வருவார்கள். பழைய அறையில் கட்டில் கிடக்கும். காப்பகத்திலிருந்து வருபவருக்கும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவருக்கும் அந்தக் கட்டில் கிடையாது. முகவரி இல்லாததால் நல்ல வேலை அமையாது. வேலை அமையாததால் யாரும் வீடு தரமாட்டார்கள்.

"முதலில் அவர்கள் ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் வீடு தரலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உலகம் முழுக்க நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். மனநோயோடும் போதைப் பழக்கத்தோடும் தெருவில் இருந்தவர்களுக்கு முதலில் வீட்டுச் சாவி. சிகிச்சையும் மற்ற உதவிகளும் பிறகு. அந்த வீடுகள் நம்மைப் போன்ற சாதாரண வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தவை. குடியிருப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 விழுக்காடு கொடுத்தார், மீதியை செம்பெரிஸின் அமைப்பு கட்டியது. இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஐந்தில் ஏறக்குறைய நால்வர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இதே முறையைச் சோதித்தார்கள். அதில் 18 முதல் 24 வயதுக்காரர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நாட்கள் முதலில் வீடு கொடுக்கப்பட்டவர்கள் நிலையான வீட்டில் இருந்தது தெரிந்தது. பின்லாந்தில் 1985-இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை சாதாரணக் குடியிருப்புகளில் வீடுகளை வாங்கி, வீடில்லாமல் இருந்தவர்களுக்கும் வாடகைக்கு விடுகிறது. இன்று அதன் கையில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன.

இதெல்லாம் சுலபம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பியனுப்பிய உறுத்தலில், பிறகு வீடில்லாத இளைஞர்களுக்கு வீடு தேடித் தரும் ஓர் அமைப்பின் மூலம் 20 வயதுப் பையன் ஒருவனுக்கு வீடு கொடுத்தேன். மூன்றாம் மாதமே வாடகை தாமதம். போக்கிடம் இல்லாத இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்து படுக்கவைத்தான். அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்தார்கள். இந்த வயதில் வீடு கிடைத்தவன், கிடைக்காத நண்பனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நாள் போனபோது சமையலறைக் குழாயின் அடியில் வாளி. ஒரு மாதமாக ஒழுகியிருக்கிறது. ஏனப்பா சொல்லவில்லை என்றால், "புகார் சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம்" என்றான். வாடகைக்காரனுக்கு உரிமை உண்டு என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் மாதமும் நான் சமாளித்ததற்குக் காரணம் என் நல்ல மனசு இல்லை. அமைப்பிலிருந்து ஒரு பணியாளரின் போன் எண் கையில் இருந்தது. கூப்பிட்டால் எடுத்தார், வந்தார், பையனோடு உட்கார்ந்து வரவு செலவை எழுதினார், நண்பர்களுக்கு வேறு இடம் தேடினார். தாமதமான வாடகைக்கு அமைப்பு பொறுப்பேற்றது. அதனால் அமைப்பு நடத்துபவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்: வாடகை நின்றால் யார் தருவார்கள், சேதம் வந்தால் யார் பார்ப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கூப்பிடுவது? அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை மாதம் அவர்கள் கூட இருப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கிக் கொடுத்துவிட்டு மறுவாரம் காணாமல் போகிறவர்களை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது: முன்பணத்துக்கும் ஜாமீனுக்கும் ஒரு பொது நிதி வைத்தாலே நம் பயத்தில் பாதி போய்விடும்.

எல்லா வீட்டையும் இப்படிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு வீடு காலியாகும்போது, புரோக்கருக்குப் போன் செய்யும் முன் உங்கள் பக்கத்தில் இந்த வேலை செய்யும் அமைப்புக்கு ஒரு போன் செய்யுங்கள். வருகிறவரிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டாம். ஏதாவது ஒழுகினால் உடனே எனக்குச் சொல் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப்போல் ஒரு வீட்டுக்காரன்